ரெயில் பாதை இல்லாத உத்திரமேரூரில் 9 நாள் ரெயில்!

கொலு பொம்மைக்கும் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் என்ன உறவு?

உத்திரமேரூருக்கு ரெயில் கிடையாது.

கல்வெட்டு உண்டு. குடவோலை முறையில் எப்படி ஆள் தேர்ந்தெடுப்பது என்று 919, 921-ம் ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டி வைத்த சட்டம், வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் இன்றும் இருக்கிறது. பெரிய ஏரி உண்டு. பஸ் உண்டு. ஆனால் கூவிக்கொண்டு வந்து நிற்க ஒரு ரெயில் கிடையாது. ரெயில் ஏற வேண்டுமானால் காஞ்சீபுரத்துக்கோ, வாலாஜாபாத்துக்கோ, செங்கல்பட்டுக்கோ, மதுராந்தகத்துக்கோ பஸ் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

ஆனாலும் புரட்டாசி பிறந்து மகாளய அமாவாசை கழிந்தால் போதும். இந்த வட்டாரத்தில் கொலு வைக்கும் வீடுகளில் ரெயில் வந்துவிடும்! படிக்கட்டுக்குக் கீழே, தரையில், ஒரு முழ அகலத்தில் வட்டமாகத் தண்டவாளம். அதில் ஒரு என்ஜின், இரண்டு பெட்டி. பேட்டரி போட்டால் ஓடும். ஒன்பது நாள் ஓடும். விஜயதசமி கழிந்ததும் அட்டைப் பெட்டிக்குள் போய்விடும்.

இதே வேலையை அமெரிக்காவில் டிசம்பர் மாதம் செய்கிறார்கள். அங்கே படிக்கட்டு இல்லை, மரம். கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி ரெயில் விடுவது அங்கே நூறு ஆண்டைத் தாண்டிய பழக்கம். அவர்களைப் பார்த்து இவர்கள் செய்தார்களா, இவர்களைப் பார்த்து அவர்களா என்று கேட்டால், யாரும் யாரையும் பார்த்ததாகத் தெரியவில்லை. பண்டிகை வந்தால் வீட்டுக்குள் ஒரு சின்ன ஊரைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஊர் என்று கட்டினால் அதற்கு ரெயில் வேண்டாமா?

பார்க் கட்டும் படலம்

கொலுவில் மேல் படிகள் சாமிக்கு. மரப்பாச்சி, கலசம், தசாவதாரம், அறுபத்து மூவர் என்று வரிசையாக உட்காரும். 3, 5, 7, 9 என்று படி ஒற்றைப்படையில்தான் இருக்கும். அதில் யாரும் விளையாட முடியாது. சம்பிரதாயம்!

கீழே தரையில் வைப்பதுதான் 'பார்க்'. அங்கே சட்டம் கிடையாது. மணலைக் கொட்டி, கடுகோ, வெந்தயமோ, கேழ்வரகோ தூவித் தண்ணீர் தெளித்தால் நாலு நாளில் பச்சைப் பசேல் என்று முளைத்துவிடும். அதுதான் புல்வெளி. எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டால் குளம். முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்தாலும் குளம்தான். சாக்குப் பையைக் கசக்கிச் சாயம் பூசினால் மலை. மலை உச்சியில் முருகன். மலைக்கு அடியில் ஓட்டை போட்டால் அதுதான் குகை. குகைக்குள் நுழைந்து வெளியே வருவதற்கு ஒன்று வேண்டுமே! அங்கேதான் ரெயில் வருகிறது.

இந்த பார்க்கில் எதையும் வைக்கலாம். செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம், கிரிக்கெட் மைதானம், ஆஸ்பத்திரி, போலீஸ்காரர், பெட்ரோல் பங்க். ஊரில் என்னென்ன புதிதாக வருகிறதோ, அதெல்லாம் அடுத்த ஆண்டு பார்க்குக்கு வரும். ராக்கெட் கூட நிற்கிறது!

ஆனால் வருகிறவர்கள் கண் முதலில் போவது ரெயில் மீதுதான். சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்வி: "மாமி, ரெயில் ஓடுமா?"

"ஓடும்டா. ஆனா தொடக் கூடாது. பாத்துட்டுத்தான் இருக்கணும்."

தொடாமல் எந்தப் பிள்ளை இருந்திருக்கிறது?

பாசி கொண்டு வந்தவர்கள்

அமெரிக்காவில் இது எப்படி ஆரம்பித்தது?

பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லகேம் என்று ஓர் ஊர். ஏசு பிறந்த ஊரின் பெயரையே வைத்து, மொரேவியன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1741-ம் ஆண்டு அமைத்த ஊர் அது. இவர்கள் கிறிஸ்துமசுக்குக் குடில் மட்டும் வைத்து நிறுத்தவில்லை. காட்டில் இருந்து பாசியும் மரக்கட்டையும் கல்லும் கொண்டு வந்து, மலை, பாதை, ஆடு மாடு, வீடு வாசல் என்று ஒரு முழுக் கிராமத்தையே அறையில் கட்டினார்கள். 'புட்ஸ்' என்று அதற்குப் பெயர். அலங்காரம் செய்வது என்ற பொருள் உள்ள ஜெர்மன் சொல்லில் இருந்து வந்தது. அக்கம்பக்கத்தார் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்கள். "எங்க வீட்டுக்கு எப்ப வர்றீங்க?" என்ற அழைப்பு அங்கேயும் உண்டு என்று சொல்லுங்கள்!

அவர்களுக்கு முளைப்பாரி தெரியாது. நம்மவர்களுக்குப் பாசி தெரியாது. இரண்டு பேருக்கும் வேண்டியது வீட்டுக்குள் ஒரு பச்சை நிலம்.

ஜெர்மனியில் இருந்தே கிறிஸ்துமஸ் மரமும் போயிற்று. மரத்துக்கு அடியில் இந்தக் குட்டிக் கிராமம் வந்து உட்கார்ந்தது. முதலில் மரத்தில் மெழுகுவர்த்தி கட்டினார்கள். காய்ந்த மரமும் நெருப்பும் சேர்ந்தால் என்ன ஆகும்? பல வீடுகள் எரிந்தன. 1882-ம் ஆண்டு டிசம்பரில் எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் என்பவர் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 மின்சார பல்புகளை மாட்டினார். சிவப்பு, வெள்ளை, நீலம். அதோடு விட்டாரா? மரத்தையே மின்சாரத்தால் சுழல விட்டார்! பார்க்க வந்தவர்கள் வாய் பிளந்தார்கள். பண்டிகைக்குள் கரண்ட் நுழைந்தது அப்படித்தான்.

கடை ஜன்னலில் ஓடிய ரெயில்

அதற்கு முன்பே பொம்மை ரெயில் உண்டு. தகரத்தில் செய்து, சாவி முடுக்கினால் ஓடும். ஜெர்மனியில் மெர்க்லின் என்ற கம்பெனி 1891-ம் ஆண்டு லைப்சிக் சந்தையில் ஒரு புது யோசனையைக் காட்டியது. தண்டவாளத்தை ஒரே அளவில் துண்டு துண்டாகச் செய்து விற்றது. இந்த ஆண்டு ஒரு வட்டம் வாங்கலாம். அடுத்த ஆண்டு நாலு துண்டு சேர்க்கலாம். அதற்கடுத்த ஆண்டு ஒரு ஸ்டேஷன் வாங்கலாம். எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தும்.

கொலு வைப்பவர்களுக்கு இது புரிய ஒரு நிமிடம் ஆகாது. ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கி வைக்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்கள் பாட்டி காலத்தில் இருந்து காத்து வரும் வழக்கம். ஜெர்மன்காரர் வியாபாரமாகக் கண்டுபிடித்ததை நம் பாட்டிகள் வழக்கமாகவே வைத்திருந்தார்கள்!

1901-ம் ஆண்டு. நியூயார்க்கில் ஜோசுவா லயனல் கோவன் என்ற 24 வயது வாலிபர். கடைக்காரர்கள் ஜன்னலில் சரக்கை வைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓடுகிற ஒரு வண்டியில் சரக்கை வைத்தால்? கோவன் ஒரு மரப் பெட்டிக்குச் சக்கரம் வைத்து, மோட்டார் பூட்டி, தண்டவாளத்தில் ஓட விட்டார். பேட்டரியில் ஓடியது. கடை ஜன்னலில் கூட்டம் கூடியது. ஆனால் வந்தவர்கள் வண்டியில் இருந்த சரக்கைக் கேட்கவில்லை. வண்டியைக் கேட்டார்கள்!

விளம்பரத்துக்குச் செய்தது வியாபாரமே ஆகிவிட்டது. கோவன் தன் நடுப்பெயரையே கம்பெனிக்கு வைத்தார். 'லயனல்' ரெயில் அப்படிப் பிறந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் பொம்மைகள் வருவது நின்றதும் லயனல் வேகம் பிடித்தது. டிசம்பர் வந்தால் பெரிய பெரிய கடைகளின் ஜன்னல்களில் ரெயில் ஓடும். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பிள்ளைகள் நிற்பார்கள். கிறிஸ்துமஸ் காலையில் அந்த ரெயில் வீட்டு மரத்தைச் சுற்றி ஓடினால் அதை விடப் பெரிய பரிசு இல்லை என்று ஆயிற்று.

இதில் ஒரு சுவையான விஷயம். கிறிஸ்துமஸ் ரெயிலை வீட்டுக்கு வீடு கொண்டு போன இந்தக் கோவன் கிறிஸ்தவர் அல்ல. யூதக் குடியேறிகளின் பிள்ளை! பொம்மைக்கு மதம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஏன் ரெயில்?

கார் இருக்கிறது. விமானம் இருக்கிறது. பண்டிகைக்கு ஏன் ரெயில்?

பண்டிகை என்றால் ஊருக்குப் போவது. ஊருக்குப் போவது என்றால் ரெயில். அந்தக் காலத்து அமெரிக்காவில் வேலைக்காக வெளியூர் போன பிள்ளை கிறிஸ்துமசுக்கு வீடு திரும்பியது ரெயிலில். பாட்டி வந்து இறங்கியதும் ரெயிலில். பரிசுப் பார்சல் வந்ததும் ரெயிலில்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? தீபாவளி, பொங்கல் என்றால் எழும்பூரில் எள் போட்டால் எள் விழாது. டிக்கெட் முன்பதிவு திறந்த சில நிமிடத்தில் 'வெயிட்டிங் லிஸ்ட்'. 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்னதாகத்தான் பதிவு செய்யலாம் என்று ஆனது. அதற்கு முன் 120 நாள். நாள் எத்தனை ஆனாலும் இடம் கிடைக்காத கதை மாறவில்லை.

காஞ்சீபுரம் பக்கத்து ரெயிலுக்கும் ஒரு பொம்மைக் கதை உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி சென்னை ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அரக்கோணத்தில் இருந்து காஞ்சீபுரத்துக்கு 1865-ம் ஆண்டு பாதை போட்டார்கள். போட்டது 'இந்தியன் டிராம்வே கம்பெனி'. தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த அகலம் மூன்றரை அடி. பெரிய ரெயிலுக்கு ஐந்தரை அடி! ஆக, காஞ்சீபுரத்துக்கு முதலில் வந்ததே ஒரு குட்டி ரெயில்தான். பிறகு அது மீட்டர் கேஜ் ஆயிற்று. செங்கல்பட்டு வரை நீண்டது. பிறகு அகலப் பாதை ஆயிற்று. இன்று அதே தடத்தில் சென்னைக்கு மின்சார ரெயில் ஓடுகிறது.

உத்திரமேரூருக்கு மட்டும் எந்த அகலத்திலும் வரவில்லை. அதனால்தானோ என்னவோ, கொலு ரெயிலுக்கு இந்தப் பக்கத்தில் மதிப்பு ஒரு படி அதிகம். ரெயிலில் ஏறிய பிள்ளைக்கு அது ஞாபகம். ஏறாத பிள்ளைக்கு அது ஆசை.

தீயணைப்பு நிலையத்தில் ரெயில்!

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு வேடிக்கை. அங்கே தீயணைப்பு நிலையங்களில் கிறிஸ்துமஸ் ரெயில் வைப்பார்கள். தீயணைப்பு வீரர்களே ஆற அமரப் பலகை அடித்து, மலை கட்டி, பாலம் போட்டு, கடைத்தெரு அமைத்து, ரெயிலை ஓட விடுவார்கள். 'ரெயில் தோட்டம்' என்று அதற்குப் பெயர். ஊரே குடும்பத்தோடு வந்து பார்க்கும். நுழைவுக் கட்டணம் என்று கறாராகக் கேட்பதில்லை. அந்த வழக்கம் அந்தப் பகுதியில் இன்றும் சில நிலையங்களில் நடக்கிறது.

நம் ஊரில் கோவிலில் கொலு, பள்ளிக்கூடத்தில் கொலு, பாங்கில் கொலு என்று வைக்கிறார்களே, அதைப் போல!

போர் வந்தபோது அட்டை ரெயில்

இரண்டாம் உலகப் போர் வந்தது. இரும்புக்கும் தகரத்துக்கும் கட்டுப்பாடு. 1942-ம் ஆண்டு லயனல் கம்பெனி பொம்மை ரெயில் செய்வதை நிறுத்திவிட்டுக் கப்பற்படைக்குத் திசைகாட்டிக் கருவிகள் செய்யப் போய்விட்டது. கிறிஸ்துமஸ் வந்தது. ரெயில் எங்கே?

1943-ம் ஆண்டு அட்டையில் ஒரு ரெயிலை விற்றார்கள். வெட்டி, மடித்து, சொருகிச் செய்துகொள்ள வேண்டும். தானாக ஓடாது. கையால்தான் தள்ள வேண்டும். செய்து முடிப்பதற்குள் அப்பாமார்களுக்கு வேர்த்து விறுவிறுத்துப் போனதாம்!

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காலித் தீப்பெட்டிகளை வரிசையாக நூலில் கோத்து, சோடா மூடியைச் சக்கரமாக ஒட்டி, முன்னால் ஒரு நூல்கண்டை என்ஜினாக வைத்து இழுத்த ரெயில்கள் எத்தனை! பேட்டரி வாங்க வழியில்லாத வீட்டில் தீப்பெட்டி ரெயில் கொலுவில் நின்றது. ஓடவில்லைதான். ஆனால் அதைச் செய்த பையன் எட்டு ஊருக்குச் சொன்னான்.

ரோஸ் கலர் ரெயில்

1950-களின் முதல் பாதியில் லயனல் உச்சத்தில் இருந்தது. அதன் விளம்பரங்களில் எப்போதும் அப்பாவும் மகனும்தான் இருப்பார்கள். அக்கா, தங்கை எங்கே என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். 1957-ம் ஆண்டு பெண் பிள்ளைகளுக்கு என்றே ஒரு ரெயில் விட்டார்கள். என்ஜின் ரோஸ் கலர்! பெட்டிகள் இளநீலம், மஞ்சள் என்று மிட்டாய் நிறத்தில்!

விற்றதா? விற்கவில்லை. பெண் பிள்ளைகளும் கேட்டது நிஜ ரெயில் போல் கருப்பாக இருக்கும் ரெயிலைத்தான். படுத்துப்போன அந்த ரோஸ் ரெயிலை இன்று பழம்பொருள் சேர்ப்பவர்கள் பெரிய விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.

இந்தக் கதையைக் கொலு வீட்டோடு வைத்துப் பாருங்கள். இங்கே நிலைமை தலைகீழ். கொலுவே பெண்கள் பண்டிகை. பொம்மை எடுப்பது, துடைப்பது, அடுக்குவது, கோலம், சுண்டல், தாம்பூலம் எல்லாம் அவர்கள் கையில். ஆண்களுக்கு வேலை பரணில் இருந்து பெட்டியை இறக்குவது மட்டும்! பிறகு "ஓரமா போய் நில்லுங்க" என்று சொல்லிவிடுவார்கள். ஆண் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே ஓரம் பார்க். அங்கே அவன்தான் என்ஜினீயர், அவன்தான் ஸ்டேஷன் மாஸ்டர்.

இப்போது பல வீடுகளில் பெண் பிள்ளைகளே பார்க்கையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். மோட்டார், ஒயர் எல்லாம் அவர்களுக்கும் அத்துப்படி. அண்ணன்காரன் தண்டவாளத்தைத் தொட்டால், "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்கிறார்கள்!

சவுக்குக் கிளையும் குடிலும்

நம் பக்கத்துக் கிறிஸ்துமஸ் எப்படி?

வெளிநாட்டு ஊசியிலை மரம் இங்கே கிடையாது. கடலோரம் விளையும் சவுக்குக் கிளைதான் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம். ஒரு தகர டின்னில் மண் நிரப்பி நட்டு, ஜிகினாவும் பஞ்சும் ஒட்டினால் மரம் தயார். வாசலில் காகித நட்சத்திரம்.

ஆனால் நம்மவர்களுக்கு மரத்தை விடக் குடில்தான் முக்கியம். 1223-ம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் தொடங்கி வைத்த வழக்கம். வைக்கோல் கூரை, பாறை போல் சாயம் பூசிய காகிதம், ஆடு மாடு, மேய்ப்பர், மூன்று ஞானிகள். பச்சைக்குத் தானியம் தூவி முளைக்க விடும் வீடுகளும் உண்டு. கொலு பார்க்கில் இருந்து இதற்கு எவ்வளவு தூரம்? அடுத்த தெரு!

ரெயிலும் கிறிஸ்துமசும் நிஜமாகவே ஒன்றாக இருந்த வீடுகளும் தமிழ்நாட்டில் உண்டு. பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர், பொன்மலை ரெயில்வே காலனிகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். என்ஜின் டிரைவர், கார்டு என்று தலைமுறை தலைமுறையாக ரெயிலில் வேலை. டிசம்பர் வந்தால் ரெயில்வே இன்ஸ்டிடியூட்டில் நடனம், வீட்டில் கேக். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசலுக்கு வெளியே நிஜ ரெயிலே ஓடியது! சுதந்திரத்துக்குப் பிறகு அவர்களில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள்.

பொம்மைக்காரத் தெருவின் நாள்காட்டி

பட்டுக்குப் பெயர்போன காஞ்சீபுரத்தில் பொம்மைக்கும் ஒரு தெரு இருக்கிறது. பொம்மைக்காரத் தெரு. களிமண்ணிலும் காகிதக் கூழிலும் கொலு பொம்மை செய்து விற்கும் குடும்பங்கள் வாழும் இடம். அச்சில் வார்த்து, வெயிலில் காய வைத்து, தேய்த்து, வெள்ளை அடித்து, கடைசியாக வண்ணம் தீட்ட வேண்டும். கண் எழுதுவதுதான் எல்லாவற்றுக்கும் கடைசி. மழை வந்தால் பொம்மை காயாது. காயாவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கு கோவிந்தா!

தமிழ்நாட்டுப் பொம்மைக்காரர்களின் நாள்காட்டி நம்முடையதைப் போல் ஜனவரியில் தொடங்குவதில்லை. ஆவணியில் பிள்ளையார். புரட்டாசியில் கொலு. அது முடிந்த கையோடு, மார்கழியில் வரும் கிறிஸ்துமசுக்குக் குடில் பொம்மை செய்பவர்களும் அவர்களில் உண்டு. நேற்று ராமர் பட்டாபிஷேகம் செய்த அதே கை, இன்று குழந்தை ஏசுவுக்கு வண்ணம் தீட்டும். பண்டிகை யாருடையதாக இருந்தால் என்ன? அடுப்பு எரிய வேண்டும்.

இந்த வருமானத்துக்குத்தான் இப்போது நெருக்கடி. படி சின்னதாகி வருகிறது. மூன்று அறை வீட்டில் ஒன்பது படி வைத்தால் மனிதர்கள் எங்கே படுப்பது? ஐந்து படி மூன்றாகிறது. மூன்று படி மேஜை மேல் ஏறுகிறது. முதலில் காணாமல் போவது தரையில் இருந்த பார்க். பார்க் போனால் ரெயிலும் போச்சு. பார்க்கில் வைக்க வாங்கிய காய்கறிக்காரி, குடுகுடுப்பைக்காரன், கல்யாண செட் எல்லாம் போச்சு. சாமி பொம்மையை ஒரு முறை வாங்கினால் தலைமுறைக்கு இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு புதிதாகச் சேர்ந்தது பார்க்கில்தான். பொம்மைக்காரருக்கு மறு வியாபாரம் கொடுத்ததும் அதுதான்.

வாங்குமுன் கவனிக்க!

கடைக்குப் போய் ரெயில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

முன்பெல்லாம் வெளிநாட்டில் இருந்து கப்பலில் வந்து இறங்கிய மலிவு ரெயில்தான் கடை முழுக்க. இந்த ஆண்டு ஓடும், அடுத்த ஆண்டு ஓடாது. 2020-ம் ஆண்டு பட்ஜெட்டில் பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதமாக மத்திய அரசு உயர்த்தியது. 2023-ல் அது 70 சதவீதம் ஆனது. 2021 ஜனவரி 1-ந் தேதி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பேட்டரி ரெயிலுக்கும் இது பொருந்தும். பெட்டியில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு இந்தக் கட்டாயத்தில் இருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். களிமண் பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே என்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்!

ரெயில் தடம் புரளாமல் ஓட இன்னும் சில யோசனைகள்:

தண்டவாளத்தை மணல் மேல் நேராக வைக்காதீர்கள். மணல் பல்சக்கரத்துக்குள் போனால் வண்டி படுத்துவிடும். ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு அதன் மேல் வையுங்கள். முளைத்த கடுகுக்குத் தண்ணீர் வேண்டும், தண்டவாளத்துக்குத் தண்ணீர் ஆகாது. இரண்டையும் தள்ளி வைப்பது நல்லது.

வளைவில் வண்டி விழுகிறதா? பலகை சரிந்திருக்கும், அல்லது இரண்டு துண்டு சேரும் இடத்தில் மேடு இருக்கும். விரலால் தடவிப் பார்த்தால் தெரியும்.

குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் தண்டவாளமும் வேண்டாம், சீரியல் செட் ஒயரும் வேண்டாம். கூட்டம் போன பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் ஓராண்டில் கசிந்து, தகட்டைத் தின்றுவிடும். அடுத்த நவராத்திரியில் "போன வருஷம் ஓடுச்சே!" என்று தலையில் கை வைக்க வேண்டியதுதான். ரெயில் சாவது ஓடும்போது அல்ல, பெட்டிக்குள் தூங்கும்போது!

மாதிரி ரெயில்களைப் பெரிய அளவில் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளைச் சென்னை நியூ ஆவடி ரோட்டில் உள்ள ரெயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம். பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி 2002-ம் ஆண்டு திறக்கப்பட்டது அது.

எங்கே போகிறது இந்த ரெயில்?

கணக்குப் பார்த்தால் கொலு ரெயில் ஓடுவது கொஞ்ச நேரம்தான். விளக்கு ஏற்றிய பிறகு, ஆள் வந்தால், பத்து நிமிடம். பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். அதைப் பூட்டுவதற்குத்தான் ஒரு முழு நாள் ஆகிறது. பலகை தேட ஒருவர், மணல் கொண்டு வர ஒருவர், குகைக்குச் சாயம் பூச ஒருவர், "அப்படி இல்லை, இப்படி" என்று சொல்ல ஒரு தாத்தா! அன்று ஒரு நாள் செல்போன் சும்மா கிடக்கிறது. பண்டிகை நடப்பது ரெயில் ஓடும் பத்து நிமிடத்தில் அல்ல, பூட்டுகிற அந்த ஒரு நாளில்தான்.

அமெரிக்காவிலும் கதை இதுதான். கார் வந்தது, விமானம் வந்தது, டெலிவிஷன் வந்தது. 1950-களின் பின்பாதியில் லயனல் வியாபாரம் இறங்கியது. 1959-ல் கோவன் தன் பங்குகளை விற்றுவிட்டு ஒதுங்கினார். 1965-ல் இறந்தார். கம்பெனி கை மாறிக் கை மாறிப் போனது. ஆனாலும் டிசம்பர் வந்தால் தாத்தா வாங்கிய அந்தக் கனத்த இரும்பு என்ஜினைப் பரணில் இருந்து இறக்கி, எண்ணெய் விட்டு, மரத்தைச் சுற்றி ஓட விடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஓடுவது ரெயில் என்றா நினைக்கிறீர்கள்? தாத்தாதான்!

வட்டத் தண்டவாளத்தில் ஓடும் ரெயில் எந்த ஊருக்கும் போவதில்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது. வெளியூர் போன பிள்ளைகள் பண்டிகைக்கு வீடு வந்து சேருவதைப் போல.

இந்த ஆண்டு வீட்டில் இடம் இல்லையா? பரவாயில்லை. ஒரு பலகை அகலம் போதும். காஞ்சீபுரத்தில் ஒரு பொம்மை வாங்கி ஸ்டேஷனில் நிறுத்துங்கள். ரெயிலுக்கு யாராவது காத்திருக்க வேண்டும் அல்லவா?